தூக்கிப் பார்க்கும் கை

எங்கள் வீட்டுக்கு வந்தால் அக்கா முதலில் உட்காரமாட்டார். என் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். நேராகச் சன்னலுக்குப் போவார். அங்கே வரிசையாக வைத்திருக்கும் செடி டின்களை ஒவ்வொன்றாக வலது கையால் தூக்கிப் பார்ப்பார். ஒரு விரற்கடை உயரம்தான் தூக்குவார். மேல்மண் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கமாட்டார், விரலை விட்டுக் கிளறவும் மாட்டார். தூக்குவார், வைப்பார். "இதுக்கு நாயித்துக்கெழம வரைக்கும் வேண்டாம்" என்பார். அடுத்ததைத் தூக்குவார். "இது கேக்குது. அரை டம்ளர் ஊத்து." அதற்குப் பிறகுதான் திரும்பி, சாப்பிட்டாயா என்று கேட்பார்.

குன்னூர்ப் பக்கம் ஜெகதளாவுக்குக் கீழே இருந்த ஒரு தேயிலை ஃபேக்டரியின் குடியிருப்பு அது. ஒரே வரிசையில் ஏழு வீடுகள். லைன் என்போம். எங்களுடையது ஐந்தாவது, அக்காவுடையது கடைசி. என் வீட்டுக்காரர் இலை லாரி ஓட்டினார். அக்காவின் வீட்டுக்காரர் டிரையரில் இருந்தார். இலையைச் சூடான காற்றில் காயவைக்கிற இயந்திரம் அது. அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிடுவேன் என்றா சொன்னேன், மனசுக்குள் அப்படி நினைத்துக்கொள்வேன். எனக்குப் பேச வராது. காரமடையிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், தண்ணீர் பிடிக்கப் போனால்கூட எல்லோரும் பிடித்து முடிக்கிறவரை கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டுத்தான் போவேன்.

அப்படி நின்ற ஒரு நாள்தான் அக்கா தானாக உள்ளே வந்தார். உங்கள் வீட்டுக்காரர் எத்தனை மணிக்குப் போகிறார், எத்தனை மணிக்கு வருகிறார், நீ எத்தனை மணிக்கு எழுகிறாய், அந்தச் சன்னலில் வெயில் எப்போது விழும் என்று கேட்டுக்கொண்டே போனார். ஊர்ப்பேச்சுக்குத் தோது தேடுகிறார் என்று நான் பயந்தேன். மறுநாள் ஒரு பெயிண்ட் டப்பாவில் பாம்புச்செடி ஒன்றைக் கொண்டுவந்து சன்னலில் வைத்தார்.

"இது உன்னையாட்டம் கண்ணு. வாயத் தொறந்து எதையும் கேக்காது. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா ஊத்துனாப் போதும். வெயிலு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

வீட்டைப் பார்த்துத்தான் செடியைத் தருவார். யாருக்கு எந்தச் செடி பிடிக்கும் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் அவர் கணக்கு. பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஸ்பைடர் செடி, பிய்த்தாலும் மறுபடி வரும். இருட்டு வீட்டுக்கு மணி பிளாண்ட், பாட்டிலில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். இரண்டாம் வீட்டில் தனியாக இருந்த இலைத் தராசுக்காரருக்கு ஒரு கற்றாழை கொடுத்தார். விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையை எடைபோட்டு எழுதுகிறவர் அவர். அதையும் கொன்றுவிட்டால் அப்புறம் பிளாஸ்டிக்தான் என்று அக்கா அவரிடம் சொன்னார். தராசுக்காரர் விடவில்லை. கையாலேயே எடை சொல்கிற ஆள் வந்துவிட்டால் ஃபேக்டரியில் தராசு எதற்கு, எனக்குத்தான் வேலை போகப்போகிறது என்றார். லைனே சிரித்தது.

மண்ணையும் அக்காவே கலந்து தருவார். சிவப்பு மண்ணில் பாதிக்குப் பாதி பாய்லர் சாம்பல். அடியில் கரித்துண்டு. அப்போதுதான் தண்ணீர் தேங்காது என்பார். செடி தண்ணீர் இல்லாமல் சாவதைவிடத் தண்ணீரால் சாவதுதான் அதிகம் என்று அவர் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் இல்லாமல்தான் எல்லாம் செத்தது.

அவர் வீட்டுச் சன்னலில் நான்கு டின்களில் ஜெரேனியம் இருந்தது. நல்ல சிவப்பு. பனியில் மலையே வெளுத்துக் கிடக்கிற காலையில் கடைசி வீட்டுச் சன்னல் மட்டும் அடுப்பு எரிகிற மாதிரி தெரியும். என்னிடமும் ஒரு ஜெரேனியம் இருந்தது. என் வீட்டுக்காரர் ஏதோ பங்களாவுக்கு லோடு இறக்கப் போனபோது வாங்கி வந்தது. அது வெள்ளை. லைனில் வெள்ளை பூக்கிற செடி என்னிடம் மட்டும்தான்.

பிறகு இலைக்கு விலை இல்லாமல் போனது. அதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. எங்கோ யாரோ வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். விவசாயிகள் பறிக்கிற கூலிக்குக்கூட ஆகவில்லை என்று இலையைப் பறிக்காமலே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு இருந்த தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து பாதையை மூடின. ஃபேக்டரி முதலில் வாரம் மூன்று நாள் ஓடியது. பொங்கலுக்குப் பிறகு ஒரு நாளும் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் கேரட் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போக ஆரம்பித்தார். மற்ற வீடுகளில் ஆண்கள் வீட்டோடு இருந்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு மாதத்தில் லைனில் செடிகள் அழுக ஆரம்பித்தன.

முதலில் மூன்றாம் வீட்டு ஸ்பைடர் செடி. பிறகு நான்காம் வீட்டுப் பாம்புச்செடிகூட, எதுவும் கேட்காத அந்தச் செடிகூட, அடியில் கூழாகிச் சாய்ந்தது. எல்லோருக்கும் ஆச்சரியம். முன்பைவிட நன்றாகத்தானே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அதுதான் காரணம் என்று அக்காவுக்கு மட்டும் தெரிந்தது. வீட்டில் இருக்கிற ஆளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. காலையில் ஒரு டம்ளர், மதியம் ஒரு டம்ளர். சாம்பலும் இல்லை, பாய்லர்தான் அணைந்துவிட்டதே. அக்கா ஒவ்வொரு வீடாகப் போய் டின்னைத் தூக்கினார். தூக்கியதும் முகம் மாறும். சிலரிடம் டம்ளரைப் பிடுங்கினார். நான்காம் வீட்டுக்காரரிடம், மணியடித்தால் சங்கு ஊதினால் வேலைக்குப் போகிற ஆளாட்டம் செடிக்கு மூன்று வேளை எதற்கு என்று சத்தமே போட்டார்.

அந்த நாட்களில் பக்கத்து ஊரில் ஒருவர், அவரும் ஃபேக்டரி ஆள்தான், தன்னை மாய்த்துக்கொண்டார் என்று செய்தி வந்தது. அன்று சாயங்காலம் அக்கா ஒரு மஞ்சப்பையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். உள்ளே பூச்சி மருந்துக் குப்பி.

"இது உங்க ஊட்டுல இருக்கட்டும் கண்ணு" என்றார்.

நான் அதை வாங்கிப் பரணில் ஏற்றினேன். அக்காவே காரணத்தைச் சொன்னார். அண்ணன் இரண்டு நாளாக டிரையர் போடுகிற நேரத்துக்கு எழுந்து சட்டை போட்டுக்கொள்கிறாராம். பிறகு அதைக் கழற்றி மடித்து வைக்கிறாராம். பெண்ணை அவிநாசியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அங்கே போகலாம் என்றால், கட்டிக் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து தின்னமாட்டேன் என்கிறாராம். குப்பியை என் வீட்டுக்காரர் எங்கோ கொண்டுபோய்ப் புதைத்தார்.

அதன் பிறகு அக்கா குன்னூரில் சுற்றுலாக்காரர்கள் தங்குகிற காட்டேஜ் ஒன்றுக்குத் துடைக்கப் பெருக்கப் போனார். காலையில் போனால் இருட்டுவதற்குள் வருவார். வீட்டில் அண்ணன் மட்டும்.

ஒரு விடிகாலை, பால்காரர்கூட வரவில்லை, அக்கா கதவைத் தட்டினார். என் வெள்ளை ஜெரேனியத்தில் நான்கு தண்டு வேண்டும் என்றார். எல்லோருக்கும் கொடுத்துப் பழகிய ஆள் என்னிடம் கேட்கிறார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. நான் கத்தியை எடுத்துக் கொடுத்தேன். அவரே நறுக்கிக்கொண்டு, தண்டுகளைப் போர்வைக்குள் மறைத்தார். அப்போதுதான் சொன்னார்.

அண்ணன் அவர் வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்திருந்தார். அக்கா சாயங்காலம் வந்து டின்னைத் தூக்கினால் கல்லாகக் கனக்கிறது. ஊர் முழுக்கத் திட்டுகிறவர் தன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏனென்றால் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்த நாளிலிருந்து அண்ணன் சட்டையைக் கழற்றி மடிப்பதை விட்டுவிட்டார். முகம் மழித்துக்கொள்கிறார். அக்கா வந்ததும், இன்றைக்கு எல்லாத்துக்கும் ஊற்றிவிட்டேன், அந்த மூன்றாவது கொஞ்சம் வாட்டமாக இருந்தது, இப்போது பரவாயில்லை என்று கணக்குச் சொல்கிறார். ஆனால் செடி அழுகுகிறது. அழுகியதை அவர் பார்ப்பதற்கு முன்னால் பிடுங்கிவிட்டு, இன்னொரு ஜெரேனியத் தண்டை அதே இடத்தில் நட்டுவிடுகிறார் அக்கா. இலை எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிவப்பில் இருந்த தண்டெல்லாம் தீர்ந்துவிட்டது.

"வெள்ளையாப் பூக்குமுங்கக்கா" என்றேன். அவரிடம் நானாகச் சொன்ன முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"பூக்க உடமாட்டேன். மொட்டக் கிள்ளீருவேன்" என்றார்.

அப்படியே செய்தார். இரண்டு மாதம். தினமும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன், அண்ணன் வெளியே போயிருக்கிற பத்து நிமிஷத்தில், மொட்டுகளைத் தேடிக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டு போவார். காட்டேஜ் போகிற வழியில் எறிவார். செடியை உயிராக நினைக்கிற ஒரு பெண் இதைச் செய்தார். அழுகிய வேரைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோவதையும் பார்த்திருக்கிறேன், செத்த கோழிக்குஞ்சைக் கொண்டுபோகிற மாதிரி.

அண்ணன் பூவுக்காகக் காத்திருந்தார். இத்தனை தண்ணீர் ஊற்றியும் ஏன் பூக்கவில்லை என்று லைனில் எல்லோரிடமும் கேட்டார். சீசனுக்குப் பூத்துவிடும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

மே மாதம் வந்தது. ஊட்டியில், குன்னூரில், எங்கும் கூட்டம். காட்டேஜில் ஆள் போதவில்லை, ஒரு வாரம் அங்கேயே தங்க வேண்டும் என்றார்கள். போவதற்கு முன் அக்கா என்னிடம் வந்தார். இரண்டாவது டின்னில் இலைக்கடியில் ஒரு மொட்டுத் தண்டு தலைகுனிந்து இருக்கிறது, ரொம்பச் சின்னது, இப்போது நகத்துக்கு அகப்படாது, இரண்டு நாளில் நிமிரும், நிமிர்ந்ததும் கிள்ளிவிடு, சர்க்கரை கடன் கேட்கிற மாதிரி உள்ளே போ என்றார். சரி என்று தலையாட்டினேன்.

நான் போகவில்லை. இரண்டு முறை கையில் டம்ளரோடு கடைசி வீட்டு வாசல் வரை போனேன். அண்ணன் உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தார். ஆண் ஒருவர் தனியாக இருக்கிற வீட்டுக்குள் எப்படிப் போவது, என்ன பேசுவது, அவர் சமையல்கட்டுக்கு எழுந்து போனால்தானே சன்னல் பக்கம் கையை நீட்ட முடியும். திரும்பி வந்துவிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று நான்கு நாள் இருந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் அண்ணன் அந்த டின்னை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். பூத்திருந்தது. வெள்ளை. அவருக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை, சந்தோஷம்தான். வீடு வீடாகக் காட்டினார். பாருங்க, நான் ஊத்துன தண்ணிக்கு நிறமே மாறிப்போச்சு என்றார். தராசுக்காரர் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. விளையாட்டாகத்தான் சொன்னார். "ஏனுங்ணா, அஞ்சாம் ஊட்டுப் பூவைத் தூக்கிட்டு வந்து நம்மூட்டுதுங்கறீங்க?"

அண்ணன் சிரித்துக்கொண்டேதான் என் வாசலுக்கு வந்தார். என் சன்னலில் வெள்ளை ஜெரேனியம் பூத்துக் கிடந்தது. அதைப் பார்த்தார், கையில் இருப்பதைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அம்மிணி, இது உங்கூட்டுதுங்களா?"

அதற்குப் பதில் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. அக்கா எப்போதோ ஒரு தண்டு வாங்கிப் போனார் என்று சொல்லியிருக்கலாம். ஒரு டின்தானே. ஆனால் நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுததை அவர் பார்த்தார். ஒரு செடிக்காக யாரும் அப்படி அழமாட்டார்கள் என்று அவருக்குப் புரிந்திருக்கும்.

"மத்த மூணும்?" என்று கேட்டார்.

நான் நிமிரவில்லை. அவர் டின்னை என் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்குள் போய் மற்ற மூன்றையும் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். அக்கா வந்தபோது மூன்று தண்டுகளும் தரையில் கிடந்தனவாம். ஒன்றில்கூடச் சரியாக வேர் இல்லை. அண்ணன் அவரிடம் சத்தம் போடவில்லை. "எத்தன மாசமா?" என்று மட்டும் கேட்டாராம்.

அக்கா என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தார், டின்களைத் தூக்கிப் பார்த்தார், சாப்பிட்டாயா என்று கேட்டார். போகும்போது கதவருகே நின்று, "ஒரு பொய் சொல்லியிருக்கலாம் கண்ணு" என்றார். குரலில் கோபமே இல்லை. அவர் சொன்ன எத்தனையோ வார்த்தைகளில் அதுதான் என்னை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகு அண்ணன் எதையும் தொடவில்லை. அக்கா என்ன வேலை சொன்னாலும், இது நெசமாலுமே வேணுமா, இல்ல எனக்காவச் சொல்றியா என்று கேட்பார். மளிகைக் கடைக்குப் போய்வரச் சொன்னால், நேற்றுத்தானே வாங்கினாய் என்பார். விறகு பிளக்கச் சொன்னால், பிளந்த விறகு மூலையில் இருப்பதைக் காட்டுவார். கடைசியில் அப்படிக் கேட்பதையும் விட்டுவிட்டார். தாடி வளர்ந்தது. சுவரைப் பார்த்தபடி கட்டிலில் இருப்பார். அக்கா காட்டேஜுக்குப் போகும்போது என் வாசலில் நின்று என்னைப் பார்ப்பார், பார்த்துக்கொள் என்று. நான் சன்னல் வழியாகக் கடைசி வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். கதவு திறந்து அவர் வெளியே வந்து எச்சில் துப்பிவிட்டு உள்ளே போனால் எனக்கு மூச்சு வரும். இருக்கிறார்.

ஜூனில் மழை பிடித்தது. லைனுக்குப் பின்னால் இருந்த கல்படி முழுக்கப் பாசி. ஞாயிற்றுக்கிழமை காலை, குடத்தோடு ஏறும்போது அக்கா வழுக்கி விழுந்தார். வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. அண்ணனைப் பெயர் சொல்லாமல், ஏனுங்க, ஏனுங்க, கொஞ்சம் வாங்க என்று கூப்பிட்டார். வீடு இருபது அடி தூரம். அவர் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார், என்னால் எழ முடியவில்லை என்றார். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அண்ணன் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"சும்மா கூப்புடறயின்னு நெனச்சேன்" என்றார்.

பிறகு கையைப் பார்த்தார். எழுந்து நின்றார். மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனோம், பெண்கள் வார்டுக்குள் அவரை விடவில்லை, நான்தான் கூடப் போனேன். மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் என்றார்கள். அந்த ஆறு வாரத்தில் அண்ணன் மறுபடி ஆளானார். இது பொய்யில்லை, கண் முன்னால் கட்டு இருக்கிறது. சமைத்தார், துணி துவைத்தார். அக்காவுக்குத் தலை சீவிப் பின்னிவிட்டார், கோணல்மாணலாக. காட்டேஜில் அக்காவின் வேலை போய்விடுமே என்று அவர் இடத்தில் இவரே போனார். ஐம்பது வயது ஆண் அறை துடைக்கப் போகிறார் என்று தராசுக்காரர்கூடக் கிண்டல் பண்ணவில்லை. காலை ஆறு மணிக்குச் செருப்புச் சத்தம் என் வாசலைத் தாண்டிப் போகும். எனக்கு அதைக் கேட்டால்தான் அடுப்புப் பற்றவைக்கத் தோன்றும்.

கட்டுப் பிரித்த அன்றும் நானே கூடப் போனேன். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்றார் டாக்டர். ஒரு பஞ்சுருண்டையைக் கொடுத்து, தினமும் இதைப் பிசைய வேண்டும், விரலை மடக்கி நீட்ட வேண்டும், விட்டால் கை இறுகிவிடும், அப்புறம் வராது என்று இரண்டு முறை சொன்னார். பஸ்ஸில் வரும்போது அக்கா அந்தப் பஞ்சுருண்டையைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கியதும் அதை என் கூடையில் போட்டார்.

"கை சரியாயிருச்சின்னா நானல்ல போவோணும் வேலைக்கு. அங்க ஒரு ஆளுக்குத்தான் எடம்" என்றார்.

நான் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எனக்குத்தான் பேச வராதே.

வீட்டில் அவர் கையை மடியில் வைத்தே இருந்தார். சோறு இடது கையால். டாக்டர் இன்னும் நாள் ஆகும் என்றார் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தார். அண்ணன் நம்பினாரா இல்லையா என்று தெரியாது. ஒருமுறை ஏமாந்தவர். ஒரு மாதம் கழித்து, சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது என் வாசலில் நின்றார். கடைசி வீட்டு வாசலில் அக்கா நிற்பது எனக்குத் தெரிந்தது. இங்கே பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"அம்மிணி, நீங்கதான கூடப் போனீங்க. டாக்டரு நெசமா என்னதான் சொன்னாருங்க? கை வருமா, வராதுங்களா?"

"வராதுங்ணா" என்றேன்.

தயங்கவில்லை, தலையைக் குனியவில்லை. என் வாழ்க்கையில் ஒரு ஆணின் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் பொய். அண்ணன் ஐயோ பாவம் என்றார். ஆனால் அவர் தோள் இறங்கியது, சுமை இறக்கிவைத்த ஆளைப்போல. வேகமாகப் படியேறிப் போனார். பருப்பு வேகப்போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

நான் சரியாகச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பஞ்சுருண்டையை எடுத்துக்கொண்டு போய், அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்திலாவது பிசையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது என் கூடையிலேயே கிடந்தது, பிறகு எலி கடித்துவிட்டது.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம், அக்கா என் வீட்டில் இருந்தார். பனிக்காலம் வருகிறது, பாம்புச்செடிக்கு ஊற்றலாமா வேண்டாமா என்று கேட்டேன். இத்தனை மாதமாக என் வீட்டு டின் எதையும் அவர் தூக்கவில்லை. அண்ணன் இன்னும் வேலையிலிருந்து வராததால், இங்கே யாரும் பார்க்கமாட்டார்கள் என்று, எழுந்து சன்னலுக்குப் போனார். இடது கையால் தூக்கினார், வைத்தார். மறுபடி தூக்கினார். இந்தக் கைக்குத் தெரியவில்லை என்றார். பிறகு வலது கையை நீட்டினார். விரல்கள் டின்னைச் சுற்றிப் போகவில்லை. பாதி மடங்கி அங்கேயே நின்றன. இடது கையால் அந்த விரல்களைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டார். டின் நகரவே இல்லை.

கையை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நெசமாலுமே வல்ல கண்ணு" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாளைக்கே டாக்டரிடம் போகலாம், நான் வருகிறேன், இப்போதும் ஏதாவது செய்வார்கள் என்று சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அக்கா கையை மெதுவாக உருவிக்கொண்டு மடியில் வைத்தார். அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"வேண்டாம். இனி அவருகிட்டப் பொய் சொல்ல வேண்டியதில்ல பாரு" என்றார். "உன்னையும் சொல்ல வெக்க வேண்டியதில்ல."

மேலே பாதையில் ஆறு மணிப் பஸ் நின்று போகிற சத்தம் கேட்டது. அண்ணன் இறங்கியிருப்பார். அக்கா எழுந்தார். வாசலைத் தாண்டும்போது, காலையில் அண்ணன் போட்டுவிட்ட, நன்றாகத்தான் இருந்த கொண்டையை இடது கையால் அவிழ்த்துவிட்டுக்கொண்டு போனார்.